மீட்டரும் உயிரைக் குடிக்கும்!

கெடா தோட்டங்கள் பலவற்றில் ஒரு காலத்தில் நிர்வாகத்தின் ஜெனரேட்டர் ஓடும் நேரம்தான் லயத்து வீடுகளில் விளக்கு எரியும் நேரம். இன்று பீடோங், பாடாங் செராய், கூலிம் வட்டாரத் தாமான்களில் மின்சாரம் புகாத மூலையே இல்லை. பியூஸ் போனாலும், சுடுநீர்க் கருவி மக்கர் செய்தாலும், வீட்டுப் பிள்ளையே மல்டிமீட்டரோடு இறங்கிவிடுகிறான். கோயில் திருவிழாவுக்கு விளக்குச்சரம் கட்டுவதும் அவன்தான். ஆர்வம் பாராட்டத்தக்கது. ஆனால், அளக்கும் முறை தவறினால் அந்தக் கருவியே எமனாகிவிடும்.

1996இல் திறக்கப்பட்ட கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவுக்குப் பிறகு, மீட்டர் பிடித்துப் பழகிய இளைஞர்கள் பெருகியுள்ளனர். தொழிற்சாலை மேசையில் அவர்கள் அளப்பது பெரும்பாலும் 5 வோல்ட், 12 வோல்ட். வீட்டுச் சுவரில் இருப்பதோ 230 வோல்ட். அங்கே மன்னிக்கப்படும் தவறு இங்கே மன்னிக்கப்படாது.

பலரும் செய்யும் பெரிய தவறு எது? மின்னோட்டத்தை அளந்துவிட்டுச் சிவப்பு வயரை '10 ஆம்பியர்' துளையிலேயே விட்டுவிடுவது. அந்தத் துளைக்குப் பின்னால் தடை மிகக் குறைவு. அப்படியே பிளக் பாயிண்டில் வைத்தால், இரண்டு கம்பிகளை நேராக முடிச்சுப் போட்டதற்குச் சமம். உள்ளே தரமான பியூஸ் இல்லாத மலிவு மீட்டர் கையிலேயே வெடிக்கலாம். ஆகவே ஒவ்வொரு முறையும் முதலில் துளையைப் பார், பிறகு திருகியைப் பார், அதன் பின்பே முனையை வை. தடையை அளக்கும்போது மின்சாரம் கட்டாயம் துண்டிக்கப்பட்டிருக்க வேண்டும்.

மீட்டரின் முகப்பில் 'கேட் 2', 'கேட் 3' என்ற குறிகள் இருக்கும். பிளக் பாயிண்டில் செருகும் சாதனங்களுக்குக் கேட் 2 போதும். மெயின் சுவிட்சுப் பெட்டிக்குக் கேட் 3 வேண்டும். வயர்களிலும் அதே தரம் இருக்க வேண்டும். உறை வெடித்த வயரை டேப் சுற்றிப் பயன்படுத்தாமல் தூக்கி எறிவதே நல்லது.

'மின்சாரம் இல்லை' என்று மீட்டர் சொன்னதும் நம்பிவிடக் கூடாது. மின்சாரம் இருப்பது உறுதியான ஓரிடத்தில் முதலில் சோதித்து, பிறகு வேலை செய்யும் இடத்தில் அளந்து, மீண்டும் பழைய இடத்தில் சோதிக்க வேண்டும். இடையில் மீட்டரின் பேட்டரி தீர்ந்திருந்தால் இந்த மூன்றாவது சோதனைதான் காட்டிக்கொடுக்கும்.

மலேசியாவில் 240 வோல்ட் என்றிருந்த வீட்டு மின்னழுத்தம் 2008 ஜனவரி முதல் 230 வோல்ட் என மாற்றப்பட்டது. 216 முதல் 253 வரை காட்டினால் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால், சரியான வோல்ட் காட்டுவதால் எர்த் கம்பியும் சரியாக இருக்கிறது என்று பொருளல்ல. மீட்டர் இழுக்கும் மின்னோட்டம் மிகச் சிறிது. அறுந்துபோகும் நிலையில் ஒற்றை இழையில் தொங்கும் எர்த் கம்பியும் அதற்கு 230 காட்டிவிடும். ஆபத்து நேரத்தில் அந்த இழை காப்பாற்றாது.

வெப்பத்தை அளக்கவும் சில மீட்டர்களில் வசதி உண்டு. 'கே' வகை வயரின் நுனியில் இரண்டு உலோகங்கள் இணைந்திருக்கும். சூட்டுக்கேற்ப அங்கே மிகச் சிறிய மின்னழுத்தம் பிறக்கிறது. குளிர்சாதனப் பெட்டி 4 பாகைக்குமேல் போகிறதா, ரப்பர் புகைக்கூடத்தின் சூடு 60 பாகையைத் தாண்டுகிறதா என்று அறிய இது உதவும். ஆனால் அந்த நுனி வெறும் உலோகம். மின்சாரம் ஓடும் முனையை அது தொடவே கூடாது. வோல்ட் அளக்கும் முன் அதைக் கழற்றிவிட வேண்டும்.

சுடுநீர்க் கருவி உள்ள குளியலறைக்கு 10 மில்லியாம்பியரில் துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்சு அவசியம். அதிலுள்ள 'டெஸ்ட்' பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்கலாம். விழவில்லையென்றால், எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேனை அழைப்பதே முறை. அவருக்குக் கொடுக்கும் கூலி, வீட்டிலுள்ள ஓர் உயிரின் விலையைவிடப் பெரிதல்ல.