சைக்கிளில் ஒட்டிய கார் பெயர்

அமெரிக்க வால்மார்ட்டில் 'ஜிஎம்சி டெனாலி' என்றொரு சைக்கிள் பல வருஷம் விற்றது. அலுமினியச் சட்டம், 21 கியர், ரேஸ் சைக்கிள் மாதிரி வளைந்த ஹேண்டில்பார், விலை இருநூறு டாலருக்கு முன்னே பின்னே. ஜிஎம்சி என்பது ஜெனரல் மோட்டார்ஸின் டிரக் பிராண்டு. அதில் விலை கூடிய ரகங்களுக்கு வைத்த பெயர்தான் டெனாலி.

அப்போ ஜெனரல் மோட்டார்ஸ் சைக்கிளும் செய்ததான்னு கேட்டால், இல்லை. அதைக் கொண்டுவந்து விற்றது நியூ ஜெர்சியில் இருக்கும் கென்ட் என்ற சைக்கிள் நிறுவனம். பெயர் மட்டும் வாடகை.

இந்த வாடகைக்கு லைசென்ஸ் என்று பெயர். விற்பனையில் ஒரு பங்கு ராயல்டியாகப் பெயரின் சொந்தக்காரருக்குப் போகும். டிரேட்மார்க் பதிவில் காரும் சைக்கிளும் ஒரே வகுப்பு, 12-ஆம் வகுப்பு. தரத்தைக் கண்காணிக்காமல் பெயரை வாடகைக்கு விட்டால், அமெரிக்கச் சட்டப்படி அந்தப் பெயரின் மேல் உள்ள உரிமையே போய்விடலாம். அதனால் ஓரளவு மேற்பார்வை இருக்கும். ஆனால் அது பெயர் கெடாமல் பார்த்துக்கொள்வதுதான். டிரக் செய்யும் இன்ஜினியர் வந்து சைக்கிள் சட்டத்தை வடிவமைக்கிறார் என்று அர்த்தமில்லை.

டெனாலியில் எனக்கு உறுத்துவது கியர்தான். நல்ல ரோடு சைக்கிளில் பிரேக் லீவரிலேயே கியர் மாற்றலாம். இதில் ஹேண்டில்பாரின் நடுப்பக்கம் இருக்கும் பிடியைத் திருகணும். அதாவது கியர் மாற்ற ஒவ்வொரு தடவையும் பிரேக்கிலிருந்து கையை எடுக்கணும். அந்த விலைக்கு அது சரிதான் என்பார்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சட்டத்தில் எழுதியிருக்கும் பெயர் அந்த விலையைச் சொல்லவில்லையே, டிரக்கின் உறுதியை அல்லவா சொல்கிறது!

எல்லாமே வெறும் ஸ்டிக்கர் இல்லை. 2011-இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனம் மெக்லாரனோடு சேர்ந்து செய்த வெஞ்ச் சைக்கிளில் மெக்லாரனின் கார்பன் ஃபைபர் அனுபவம் நிஜமாகவே இறங்கியது. இன்னொரு பக்கம், மான்டேக் நிறுவனம் விற்ற ஒரு மடிக்கும் சைக்கிளுக்கு 'ஹம்மர்' என்று பெயர் இருந்தது. பெட்ரோல் குடிப்பதற்குப் பேர்போன வண்டியின் பெயர், பெட்ரோலே தேவைப்படாத ஒன்றுக்கு!

வேடிக்கை என்னவென்றால், ஒரு காலத்தில் இது தலைகீழாக நடந்தது. ஓப்பல் 1886-இல் சைக்கிள் செய்ய ஆரம்பித்தது, கார் வந்தது 1899-இல்தான். இன்றைய ஸ்கோடாவின் மூலமான லாரின் & கிளெமென்ட், 1895-இல் 'ஸ்லாவியா' சைக்கிளோடு தொடங்கியது. ரோவர் என்ற பெயர் 1885-இல் வந்த சைக்கிளுடையது. போலிஷ் மொழியில் சைக்கிளுக்கு இன்னைக்கும் 'ரோவர்'னுதான் பேர். சைக்கிளில் சம்பாதித்த நம்பிக்கையை வைத்துத்தான் அவர்கள் கார் விற்றார்கள். தாங்களே செய்து, தாங்களே பேர் வாங்கியது.

ஜெனரல் மோட்டார்ஸுக்கு வருவோம். 2011 அக்டோபரில் கல்லூரி மாணவர்களுக்காக அது ஒரு விளம்பரம் வெளியிட்டது. ஒரு பையன் சைக்கிளில் போகிறான், பக்கத்தில் வரும் காரில் ஒரு பெண். அவள் பார்த்துவிடக் கூடாதென்று அவன் முகத்தை மறைத்துக்கொள்கிறான். பெடல் மிதிப்பதை விட்டுவிட்டுக் காருக்கு மாறு என்பது அழைப்பு. சைக்கிள் ஓட்டுபவர்கள் கொதித்துப்போனார்கள். ஜெயன்ட் சைக்கிள் நிறுவனம் அதையே திருப்பிக் கிண்டல் செய்தது. ஜெனரல் மோட்டார்ஸ் மன்னிப்புக் கேட்டு விளம்பரத்தை எடுத்தது. அதே சமயத்தில் அதன் பெயரோடு டெனாலி சைக்கிள்களும் விற்றுக்கொண்டுதான் இருந்தன. முகத்தை மறைக்கச் சொன்ன கம்பெனிக்கே சைக்கிளிலிருந்தும் ராயல்டி.

பிறகு 2019-இல் ஜெனரல் மோட்டார்ஸ் 'அரைவ்' என்று தானே வடிவமைத்த மின்சார சைக்கிளை ஜெர்மனி, பெல்ஜியம், நெதர்லாந்தில் விற்கத் தொடங்கியது. 2020-லேயே நிறுத்தியாச்சு.