இல்லம் ஒரு பயிற்சிக்களம்

நுழையும்முன்

கிணற்றில் நீர் இறைத்தல், உரலில் நெல் குற்றுதல், தலைச்சுமையோடு சந்தைக்கு நடத்தல் என அன்றாட வேலைகளே உடலை உரப்படுத்திய காலம் ஒன்று இருந்தது. மின்விசையும் வாகனங்களும் அவ்வேலைகளை எளிதாக்கிவிட்டன. ஆனால், உடலின் தேவை மாறவில்லை. அத்தேவையை வீட்டிலேயே நிறைவு செய்துகொள்ள விரும்புவோர் உடற்பயிற்சிக் கருவிகளை நாடுகின்றனர். எக்கருவி பயன்தரும், எது பொருளையும் இடத்தையும் வீணாக்கும் என்பதை இப்பாடம் ஆராய்கிறது.

மூலையில் நிற்கும் இயந்திரம்

நகரத்து வீடுகள் சிலவற்றில் ஒரு காட்சியைக் காணலாம். கூடத்தின் மூலையில் ட்ரெட்மில் எனப்படும் நடைப்பயிற்சி இயந்திரம் நிற்கும். வாங்கிய முதல் வாரத்தில் வீட்டார் முறைவைத்து அதன்மீது நடந்திருப்பர். சில மாதங்களுக்குப் பின் அதன் கைப்பிடியில் ஈரத்துணி காய்ந்துகொண்டிருக்கும். பெருந்தொகை கொடுத்து வாங்கிய கருவி துணிக்கொடியாக மாறுவதற்கு அதன் தரக்குறைவு காரணமன்று. நடப்பதற்குத் தெருவும் மொட்டைமாடியும் இருக்கையில், எத்தேவைக்காக அதனை வாங்குகிறோம் என்ற வினா எழுப்பப்படாததே காரணம். வெளியே செல்ல இயலாதவர்க்கும் மழைக்காலத்திலும் அதே இயந்திரம் பெருந்துணையாவதும் உண்டு. எனவே, கருவியைப் பற்றி எண்ணுமுன் உடலின் தேவையை அறிதல் வேண்டும்.

உடல் வேண்டுவன

உலக நலவாழ்வு நிறுவனம் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 5 முதல் 17 வயது வரை உள்ளோர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடங்களேனும் மிதமானது முதல் கடுமையானது வரையிலான உடலியக்கத்தில் ஈடுபட வேண்டும். தசைகளையும் எலும்புகளையும் வலுப்படுத்தும் பயிற்சியை வாரத்தில் மூன்று நாள்களேனும் செய்தல் வேண்டும். எலும்பின் அடர்த்தியில் பெரும்பகுதி வளரிளம் பருவத்திலேயே சேர்வதால், இவ்வயதில் செய்யும் பயிற்சி முதுமைக்கான சேமிப்பாகவும் அமைகிறது.

உடலின் ஆற்றலை நான்காகப் பகுத்துக் காணலாம். நெடுநேரம் இயங்கும் தாங்குதிறன், சுமையை வெல்லும் வலிமை, மூட்டுகள் தடையின்றி அசையும் நெகிழ்வு, தடுமாறாது நிற்கும் சமநிலை என்பன அவை. தாங்குதிறனை ஓட்டமும் மிதிவண்டியும் நீச்சலும் வளர்க்கும். நெகிழ்வுக்கும் சமநிலைக்கும் ஒரு பாய் விரிக்கும் இடம் போதும். வலிமைக்குத்தான் கருவி பெரிதும் தேவைப்படும் என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணமும் ஓரளவே உண்மையாகும்.

உடலே முதற்கருவி

தண்டால் எடுப்பவர் தம் உடல் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினைக் கைகளால் தாங்குகிறார். 60 கிலோ எடையுள்ள மாணவர் ஒருவர் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 40 கிலோ எடையை உயர்த்துகிறார் என்பது இதன் பொருள். தரையில் செய்ய இயலாதவர், சுவரில் கைகளை ஊன்றிச் சாய்ந்து தொடங்கலாம். பின்னர்ச் சுவரிலிருந்து மேசைக்கும், மேசையிலிருந்து படிக்கட்டிற்கும், படிக்கட்டிலிருந்து தரைக்கும் இறங்க இறங்கச் சுமை கூடும். பஸ்கி எனப்படும் அமர்ந்தெழும் பயிற்சி தொடைகளுக்கும் இடுப்பிற்கும் வலுவூட்டும். இரு கால்களால் எளிதாகிவிட்டால், ஒரு காலை முன்வைத்து அமர்ந்தெழலாம்.

இதனுள் பயிற்சியின் அடிப்படை விதி ஒன்று அடங்கியுள்ளது. தாங்கிப் பழகிய சுமையைவிடச் சற்று மிகுதியான சுமையை எதிர்கொள்ளும்போது தசை வலிமை பெறுகிறது. அச்சுமை பழகியபின் மேலும் சற்றுக் கூட்டுதல் வேண்டும். கிரேக்க நாட்டு மற்போர் வீரர் மைலோ ஓர் இளங்கன்றை நாள்தோறும் சுமந்தார் என்றும், அது வளர்ந்து காளையான பின்னும் அவரால் அதனைச் சுமக்க முடிந்தது என்றும் ஒரு கதை வழங்குகிறது. தென்தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் காணப்படும் இளவட்டக்கல்லைத் தூக்கும் இளைஞரும் முதலில் முழங்கால் வரையும், பின்பு மார்பு வரையும், அதன்பின் தோள் வரையும் உயர்த்திப் பழகியே வெற்றி பெறுவர்.

இழுத்தல் என்னும் குறை

உடல் வலிமைக்குரிய அசைவுகளைத் தள்ளுதல், இழுத்தல், அமர்ந்தெழுதல், குனிந்து தூக்குதல், சுமந்து நடத்தல் என ஐந்தாகக் கொள்ளலாம். இவற்றுள் வெறுந்தரை நமக்குத் தாராது விடுவது இழுத்தலே. தரையைத் தள்ளலாம், பற்றி இழுக்க அதில் இடமில்லை. முற்காலத்தில் கிணற்றுக்கயிறும் தோப்பின் மரக்கிளையும் அப்பணியைச் செய்தன. இன்றைய மாணவரோ புத்தகத்தின் மீதும் கைப்பேசியின் மீதும் கவிந்தே பல மணிநேரம் இருக்கின்றனர். மேல்முதுகுத் தசைகளுக்கு வேலை கிட்டுவதில்லை. தண்டால் மட்டும் எடுப்பவருக்கு மார்புத்தசை வளர்ந்து, முதுகுத்தசை பின்தங்குகிறது.

எனவே, வீட்டிற்கு வாங்கும் முதற்கருவி இழுத்தலுக்கு உதவுவதாக இருத்தல் நன்று. அதற்கு இரு கருவிகள் உள்ளன. ஒன்று, தொங்கி உடலை மேலிழுக்கும் கம்பி. மற்றொன்று, ரெசிஸ்டன்ஸ் பேண்ட் எனப்படும் இழுவைப் பட்டை. கம்பியில் உடல் எடை முழுவதையும் இழுக்க வேண்டியிருப்பதால், புதியவர்க்கு அது கடினமாகும். இழுவைப் பட்டையோ நீள நீள எதிர்விசையைக் கூட்டும். குறைவாக நீட்டி எளிதாகவும், மிகுதியாக நீட்டிக் கடினமாகவும் பயிலலாம். மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்ளத்தக்க சிறுமையும், குறைந்த விலையும் அதன் சிறப்புகளாகும்.

சுமையை வளர்க்கும் கருவிகள்

அடுத்த நிலையில் டம்பெல் எனப்படும் கை எடைகள் பயன்படும். ஒரே எடையுள்ள இணையை வாங்கினால், சில மாதங்களில் அது போதாமற்போகும். தட்டுகளைச் சேர்த்தும் நீக்கியும் எடையை மாற்றத்தக்க வகையே நெடுநாள் உதவும். வாங்க இயலாத நிலையிலும் வழியுண்டு. ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோ ஆகும். கைப்பிடியுள்ள ஐந்து லிட்டர் கலத்தில் நீரைக் கூட்டியும் குறைத்தும் வேண்டிய எடையைப் பெறலாம். அதே கலத்தில் மணலை நிரப்பினால் எடை இன்னும் மிகும். புத்தகங்கள் நிறைந்த பள்ளிப்பை, முதுகில் மாட்டிக்கொண்டு அமர்ந்தெழுவதற்கு ஏற்ற சுமையாகும்.

நம் மரபில் வழங்கும் கர்லாக்கட்டை, எடையோடு நெம்புகோல் தத்துவத்தையும் பயன்படுத்தும் கருவியாகும். அதன் பருத்த பகுதி கைக்குத் தொலைவில் இருப்பதால், குறைந்த எடையே மிகுந்த திருப்புவிசையைத் தருகிறது. அதனைச் சுழற்றுங்கால் தோள்மூட்டு எல்லாத் திசைகளிலும் இயங்குகிறது. விரல்களின் பிடியும் உறுதி பெறுகிறது. பயிற்றுநரிடம் முறையாகக் கற்றபின்னரே இதனைச் சுழற்றுதல் வேண்டும்.

தெரிந்து தெளிவோம்

இந்தியாவில் கர்லாக்கட்டைப் பயிற்சியைக் கண்ட ஆங்கிலேயப் படையினர், 19ஆம் நூற்றாண்டில் அதனைத் தம் நாட்டிற்குக் கொண்டு சென்றனர். கட்டை சுழற்றும் போட்டி 1904, 1932 ஆகிய ஆண்டுகளின் ஒலிம்பிக் விளையாட்டுகளில் இடம்பெற்றது. மாறாக, கால்களால் மிதித்து இயக்கும் சக்கரம் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்துச் சிறைகளில் கைதிகளிடம் வேலை வாங்கும் பொறியாக விளங்கியது. ட்ரெட்மில் என்ற பெயர் அப்பொறிக்கும் வழங்கியது.

இடமும் பாதுகாப்பும்

கருவியைத் தேர்ந்தெடுக்குமுன் வீட்டை அளந்து பார்த்தல் வேண்டும். கைகளை மேலே உயர்த்தினால் மின்விசிறி தட்டுமா, தாண்டுகயிறு சுழல இடமுண்டா, மாடிக்குடியிருப்பில் குதிக்கும் ஓசை கீழ்வீட்டாரை வருத்துமா என எண்ணுதல் தகும். வழுவழுப்பான தரையில் வழுக்காத பாய் இன்றியமையாதது. தாண்டுகயிற்றின் நடுவை மிதித்து நின்று இரு முனைகளையும் மேலே இழுத்தால், கைப்பிடிகள் அக்குள் வரை எட்டுதல் பொருத்தமான அளவாகும்.

இழுவைப் பட்டையில் வெடிப்பு உள்ளதா என ஒவ்வொரு முறையும் பார்த்தல் வேண்டும். வெயிலில் கிடக்கும் ரப்பர் விரைவில் நைந்து, இழுக்கும்போது அறுந்து முகத்தில் அடிக்கக்கூடும். தொங்குகம்பியை உறுதியான சுவரிலோ நிலைச்சட்டத்திலோ பொருத்த வேண்டும். உளுத்த மரச்சட்டத்தில் பொருத்துதல் பெருந்தீங்காகும். ட்ரெட்மில் உள்ள வீட்டில் குழந்தைகள் இருப்பின், ஓடாத நேரத்தில் அதன் மின்னிணைப்பைத் துண்டித்து வைத்தல் கடமையாகும்.

எடை தூக்கினால் வளர்ச்சி நின்றுவிடும் என்ற அச்சம் பெற்றோரிடையே உள்ளது. முறையான மேற்பார்வையில், தாங்கத்தக்க எடையைக் கொண்டு பயில்வது வளரிளம் பருவத்தினர்க்குத் தீங்கன்று. அளவுக்கு மீறிய எடையைப் போட்டிக்காகத் தூக்குவதும், முதுகை வளைத்துத் தூக்குவதுமே தீங்கு விளைவிப்பன. இதயநோய், இளைப்பு முதலியன உடையோர் மருத்துவரைக் கலந்த பின்னரே பயிற்சியைத் தொடங்குதல் வேண்டும்.

விளம்பரமும் உண்மையும்

வயிற்றில் கட்டினால் தொப்பை கரையும் என்று விற்கப்படும் பட்டைகளும், அதிர்ந்து கொழுப்பை உருக்கும் எனப்படும் இயந்திரங்களும் சந்தையில் உள்ளன. உடலின் ஓரிடத்தை மட்டும் அசைத்து அவ்விடத்துக் கொழுப்பை மட்டும் நீக்க இயலாது. வியர்வைப் பட்டை அணிந்தபின் எடை குறைந்ததாகத் தோன்றுவது நீரிழப்பால் ஆகும். நீர் அருந்தியவுடன் அவ்வெடை மீண்டுவிடும். பயன்படுத்துவோர் உழைக்காமலே பயன் கிட்டும் என்று கூறும் கருவி எதுவாயினும், அதனை ஐயுற்று நோக்குதல் அறிவுடைமை.

ஒரு கருவியை வாங்குமுன் ஐந்து வினாக்களை எழுப்பலாம். இது நம் உடலின் எந்தக் குறையை நிறைவு செய்கிறது? வலிமை கூடக்கூட இதன் சுமையையும் கூட்ட இயலுமா? இதனை வைக்கவும் இயக்கவும் இடமுண்டா? தனித்துப் பயிலும்போது பாதுகாப்பானதா? வீட்டில் இன்னும் எவரெல்லாம் இதனைப் பயன்படுத்துவர்?

இறுதி வினா எளிதெனினும் ஆழமானது. வீட்டுப் பயிற்சிக்களம் இளைஞர்க்கு மட்டும் உரியதன்று. 65 வயதைக் கடந்தோர் வாரத்தில் மூன்று நாள்களேனும் சமநிலையையும் வலிமையையும் வளர்க்கும் பயிற்சிகளைச் செய்ய வேண்டும் என்று மேற்கூறிய வழிகாட்டுதல் அறிவுறுத்துகிறது. கைகளை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்தமர்வது பாட்டிக்கு உரிய பயிற்சியாகும். அதே நாற்காலியின் விளிம்பில் கைகளை ஊன்றித் தண்டால் எடுப்பது தாய்க்கும், அதே இழுவைப் பட்டையை இழுப்பது தந்தைக்கும் மகளுக்கும் உரியதாகும். ஒருவர் சோர்ந்த நாளில் மற்றொருவர் அழைப்பார். ஒரு பாயும் இழுவைப் பட்டையும் தாண்டுகயிறும் உறுதியான நாற்காலியும் கொண்டு ஒரு குடும்பம் தன் பயிற்சியைத் தொடங்கிவிடலாம். அவை நாள்தோறும் கைபட்டுத் தேய்ந்த பின்னர், அடுத்த கருவியைப் பற்றி எண்ணினால் போதும்.

கற்பவை கற்றபின்…

1. எடைபார்க்கும் கருவியில் கைகளை ஊன்றித் தண்டால் நிலையில் இருந்து, அது காட்டும் எடையை உங்கள் உடல் எடையோடு ஒப்பிட்டு எழுதுக.

2. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் இளமையில் செய்த உடலுழைப்பு வேலைகளைக் கேட்டறிந்து, அவற்றைத் தள்ளுதல், இழுத்தல், அமர்ந்தெழுதல், குனிந்து தூக்குதல், சுமந்து நடத்தல் என வகைப்படுத்துக.

3. உடற்பயிற்சிக் கருவி விளம்பரம் ஒன்றைத் தேர்ந்து, பாடத்தில் உள்ள ஐந்து வினாக்களின் அடிப்படையில் வகுப்பறையில் கலந்துரையாடுக.