ஊருக்குள் வந்த மின்சாரம் – 11: லாலாகுடாவில் யாருடைய கூரை?

சென்ற வாரம் மேட்டுப்பாளையம் பக்கத்தில் ஓடந்துறையில் இருந்தோம். 2006-ல் அந்தக் கிராம ஊராட்சி தன் சேமிப்போடு ஒரு கோடியே 15 லட்சம் ரூபாய் வங்கிக் கடனையும் சேர்த்து, 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைத் தனக்கென்று நட்டுக்கொண்டது. தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் போக மிஞ்சியதை மின்வாரியத்துக்கே விற்றது. ஒரு கிராமத்தால் முடிந்தது கோடிக்கணக்கில் வரவு செலவு பார்க்கும் மாநகராட்சியால் ஏன் முடியவில்லை என்று யாருக்கும் கேட்கத் தோன்றும். அந்தக் கேள்வியோடுதான் இந்த வாரம் லாலாகுடாவுக்கு வந்திருக்கிறோம்.

செகந்திராபாத் ரயில் நிலையத்துக்குக் கிழக்கே, மெட்டுகுடாவையும் தார்நாக்காவையும் ஒட்டிக் கிடக்கும் ரயில்வே ஊர் இது. நிஜாமின் ரயில்வே 1893-ல் இங்கே பணிமனை அமைத்தது. ரயில் பெட்டிகள் இன்றும் அங்கேதான் பழுது பார்க்கப்படுகின்றன. அதோடு மின்சார எஞ்சின் ஷெட், ரயில்வே மருத்துவமனை, குவார்ட்டர்ஸ். ரயில்வே வேலையை நம்பி வந்த தமிழ்க் குடும்பங்களுக்கும் பழகிய பெயர்தான். குவார்ட்டர்ஸ் எல்லையைத் தாண்டினால் நெருக்கமான சந்துகள். கீழ்த்தளத்தில் கான்கிரீட், மேலே வாடகைக்காக எழுப்பிய ஓர் அறை, அதற்கு ஆஸ்பெஸ்டாஸ் அல்லது தகரக் கூரை.

இந்த ஊரில் அகலமான, நிழல் விழாத கூரைகள் எல்லாம் ரயில்வேயினுடையவை. அவற்றில் என்ன செய்வது என்பதை ரயில்வேயே முடிவு செய்துகொள்ளும். 2030-க்குள் நிகர கார்பன் வெளியேற்றத்தைப் பூஜ்யமாக்குவதாக அறிவித்திருக்கும் நிறுவனம் அது. பொறியாளரும் பணமும் அதனிடமே உண்டு. ஹைதராபாத் மாநகராட்சியின் பொறுப்பில் மிஞ்சுவது சந்துகளும் அந்தச் சின்னக் கூரைகளும்.

அரசியல் சட்டத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 1992-ல் உள்ளாட்சிகளுக்காக இரண்டு திருத்தங்கள் வந்தன. கிராம ஊராட்சிகளுக்கான பதினொன்றாவது அட்டவணையில் 29 பொருள்கள். அதில் 14-வது கிராம மின்மயமாக்கல், மின் விநியோகம் உட்பட. 15-வது மரபுசாரா எரிசக்தி. நகராட்சிகளுக்கான பன்னிரண்டாவது அட்டவணையில் 18 பொருள்கள். பூங்கா உண்டு, சுடுகாடு உண்டு, கசாப்புக்கூடம் கூட உண்டு; எரிசக்தி இல்லை. மாநிலம் எவ்வளவு அதிகாரம் கொடுக்கிறதோ அதுவரைதான் இந்த அட்டவணைகளுக்கு உயிர் என்பது வேறு விஷயம். ஆனாலும் ஓடந்துறைக்குக் காகிதத்திலாவது இருந்த இடம் ஹைதராபாத்துக்குக் காகிதத்தில்கூட இல்லை. இங்கே மின்சாரம் மாநில விநியோக நிறுவனத்தின் கையில். மாநகராட்சி அதற்கு ஒரு வாடிக்கையாளர், பெரிய வாடிக்கையாளர், அவ்வளவே.

அப்படியானால் மாநகராட்சிக்கு என்ன வழி? அந்தப் பதினெட்டுக்குள்ளேயே தேட வேண்டும். தெருவிளக்கு அதில் இருக்கிறது. குப்பை இருக்கிறது. கட்டடங்களை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் இருக்கிறது. மூன்றிலும் ஹைதராபாத் கை வைத்தது, மூன்றிலும் வெளியிலிருந்து ஒருவர் உதவிக்கு வந்தார். அந்த உதவி எங்கே நிலைத்தது, எங்கே மெலிந்தது என்பதுதான் எனக்குச் சுவாரசியமாக இருக்கிறது.

தெருவிளக்கைச் சீக்கிரம் முடித்துவிடலாம். மத்திய மின்துறையின் கீழ் நான்கு பொதுத்துறை நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கிய ஈ.ஈ.எஸ்.எல். என்ற நிறுவனம் நகராட்சிகளிடம் ஒரு யோசனையோடு வந்தது. முதலீட்டை நாங்கள் போடுகிறோம், பழைய சோடியம் விளக்குகளைக் கழற்றி எல்.இ.டி. மாட்டுகிறோம், மின்கட்டணத்தில் மிச்சமாவதிலிருந்து ஏழு ஆண்டுகளில் எங்களுக்குத் திருப்பிக் கொடுங்கள். தேசிய அளவில் 2015 ஜனவரியில் தொடங்கிய இந்தத் திட்டத்தில் ஹைதராபாத்தில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட தெருவிளக்குகள் மாறின. கையில் காசில்லாத நகராட்சிக்கு இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் விளக்கு மாட்டுவது ஒருமுறை வேலை; அணைந்த விளக்கை மாற்றுவது தினசரி வேலை. ஏழு ஆண்டும் பராமரிப்பை வெளியார் பார்த்துக்கொண்டால், எட்டாம் ஆண்டில் அந்த வேலை தெரிந்த ஆள் மாநகராட்சிக்குள் இருப்பாரா? ஒப்பந்தம் எழுதும்போதே கேட்க வேண்டிய கேள்வி இது. எந்த ஊரிலும் யாரும் கேட்பதில்லை.

குப்பைக்கு வருவோம். ஹைதராபாத்தின் குப்பை வடகிழக்கே ஜவஹர்நகருக்குப் போகிறது. அங்கே குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் 19.8 மெகாவாட் நிலையம் 2020 நவம்பரில் திறக்கப்பட்டது. இதைத் தூய எரிசக்திக் கணக்கில் சேர்ப்பதற்கு எனக்கு மனம் ஒப்பவில்லை. நம் ஊர்க் குப்பையில் பாதிக்கு மேல் ஈரம். அழுகிய தக்காளியையும் வாழைத்தண்டையும் எரிக்க வேண்டுமென்றால் முதலில் அதிலிருக்கும் தண்ணீரைக் காய்ச்ச வேண்டும்.

அதற்கு மாற்று லாலாகுடாவின் பக்கத்து வாசலிலேயே இருந்தது. தார்நாக்காவில் இருக்கும் இந்திய வேதியியல் தொழில்நுட்ப நிறுவனம், 1944-ல் நிஜாம் காலத்து ஆய்வுக்கூடமாகத் தொடங்கியது. ஐ.ஐ.சி.டி. என்றால் ஆட்டோக்காரருக்கும் தெரியும். மட்கும் கழிவைக் காற்றில்லாத கலனுக்குள் வேகமாகச் செரிக்க வைத்து எரிவாயு எடுக்கும் ஒரு முறையை அதன் விஞ்ஞானிகள் உருவாக்கினார்கள். அதைப் பெரிய அளவில் பரீட்சை பார்க்கக் கிடைத்த இடம் போவன்பள்ளி காய்கறிச் சந்தை. நாளொன்றுக்குச் சுமார் 10 டன் காய்கறிக் கழிவு. அதிலிருந்து சுமார் 500 யூனிட் மின்சாரம், 30 கிலோ எரிவாயு. சந்தையின் விளக்குகளும் தண்ணீர் இறைப்பும் அந்த மின்சாரத்தில் நடக்க, எரிவாயு சந்தை உணவகத்தின் அடுப்புக்குப் போனது. 2021 ஜனவரி கடைசியில் பிரதமர் தன் வானொலிப் பேச்சில் குறிப்பிட்ட பிறகு நாடெங்கும் பேசப்பட்டது.

மின்சாரம் என்று பார்த்தால் 500 யூனிட் பெரிதல்ல. ஒரு கிலோவாட் சோலார் பேனல் நாளுக்கு நான்கு யூனிட் தரும் என்று வைத்தால், 125 கிலோவாட் பேனல்கள் இதைச் செய்துவிடும். லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. பத்து டன் கழிவு லாரி ஏறவில்லை. ஜவஹர்நகரில் மக்கி மீத்தேனாகக் காற்றில் கலக்கவில்லை. இது ஓடியதற்குக் காரணம் தொழில்நுட்பம் மட்டுமல்ல. சந்தைக்கு ஒரு நிர்வாகக் குழு இருந்தது, கழிவு ஒரே இடத்தில் விழுந்தது, கலக்காமல் விழுந்தது, கிடைத்த மின்சாரத்தைச் செலவழிக்கவும் அதே வளாகத்தில் ஆள் இருந்தார்கள். லாலாகுடாவின் சந்துகளில் இந்த நான்கில் ஒன்றும் இல்லை. வீட்டு வாசலில் ஈரக் குப்பையும் காய்ந்த குப்பையும் பிரியும் வரை, பக்கத்திலேயே ஆய்வுக்கூடம் இருந்தும் பயனில்லை.

மூன்றாவது வழி கட்டடம். இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இந்தியாவில் ஒரு மாநகராட்சிக்கு வெளியார் செய்த உதவி ஒழுங்காகப் பலித்த இடம் என்று நான் கருதுவது இதைத்தான்.

பெரிய வணிகக் கட்டடங்கள் மின்சாரத்தை வீணாக்காமல் இருக்க மத்திய அரசு 2007-ல் ஒரு விதித்தொகுப்பு கொண்டு வந்தது. சுவர், கண்ணாடி, கூரை, குளிரூட்டி, விளக்கு ஒவ்வொன்றும் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்வது. அதை அமல்படுத்த வேண்டியது மாநிலமும் நகராட்சியும். பெரும்பாலான ஊர்களில் அது அலமாரியில் தூங்கியது. ஒன்றுபட்ட ஆந்திரம் 2014 ஜனவரியில் அதைக் கட்டாயமாக்கியது. அந்த ஜூனில் பிறந்த தெலங்கானா தொடர்ந்தது. 1,000 சதுர மீட்டர் மனை அல்லது 2,000 சதுர மீட்டர் கட்டுமானம் என்றால் விதி பொருந்தும்.

அரசாணை போட்டாயிற்று. கண்ணாடியின் வெப்பக் கடத்தல் எண்ணைச் சரிபார்க்க நகரமைப்புப் பிரிவு எழுத்தருக்குத் தெரியுமா? இந்த இடத்தில்தான் ஹைதராபாத்தின் இந்திய நிர்வாகப் பணியாளர் கல்லூரி உள்ளே வந்தது. 1956-ல் தொடங்கிய இந்தக் கல்லூரியோடு சர்வதேசத் தகவல் தொழில்நுட்ப நிறுவனமும் அமெரிக்காவின் இயற்கை வளப் பாதுகாப்பு அமைப்பும் சேர்ந்துகொண்டன. அறிக்கை கொடுத்துவிட்டுப் போகாமல், மாநகராட்சி ஏற்கெனவே கையாண்ட இணையவழிக் கட்டட அனுமதி முறைக்குள்ளேயே இந்த விதியை நுழைத்தார்கள். சரிபார்க்கும் வேலைக்குத் தனியார் மதிப்பீட்டாளர்களைப் பட்டியலிட்டார்கள். பில்டர் தனியாக எங்கும் போய் எதையும் கேட்க வேண்டாம். வழக்கமான விண்ணப்பத்திலேயே அது ஒரு பகுதி. அதிகாரி மாறலாம், ஆலோசகர் கிளம்பலாம். விண்ணப்பத்தில் அந்தக் கட்டம் இருக்கும்.

அடுத்து இவர்கள் தொட்டது கூரை. 2017 கோடையில் பஞ்சாரா ஹில்ஸ் பக்கத்துத் தேவரகொண்டா பஸ்தியில் ஏழைகளின் 25 வீடுகளில் வெள்ளைப் படலம் விரித்து அளந்தார்கள். வீட்டுக்குள் சராசரியாக 2 டிகிரி குறைந்தது. மொட்டை மாடியில் சுண்ணாம்பு அடித்த தலைமுறைக்கு இது புது ஞானம் அல்ல. ஆனால் மாநகராட்சிக்கு அளந்த எண் வேண்டும், எண் இருந்தால்தான் கோப்பு நகரும். கோப்பு நகர்ந்தது. 2023 ஏப்ரலில் தெலங்கானா ‘குளிர் கூரைக் கொள்கை’யை வெளியிட்டது. 2028-க்குள் மாநிலத்தில் 300 சதுர கிலோமீட்டர் கூரை, அதில் 200 ஹைதராபாத்தில். அரசுக் கட்டடங்களுக்கும் வணிகக் கட்டடங்களுக்கும் கட்டாயம். குடியிருப்புகளில் 600 சதுர கஜ மனையும் அதற்கு மேலும் என்றால் கட்டாயம். அதற்குக் கீழே விருப்பம்.

லாலாகுடா சந்தில் 600 கஜ மனை எத்தனை இருக்கும்? பஸ்தியில் அளந்த எண்ணைக் காட்டிக் கொள்கை எழுதினார்கள்; எழுதி முடித்தபோது பஸ்தி ‘விருப்பம்’ ஆகிவிட்டது. ஏழையைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது நியாயமே. ஆனால் கட்டாயப்படுத்தாத இடத்தில் மாநகராட்சியே செலவு செய்து அடித்துக் கொடுக்க வேண்டும். அந்த ‘விருப்பம்’ என்ற பத்திக்கு ஈடான நிதி இல்லாத கொள்கை, வெயில் படும் வீட்டை விட்டுவிட்டு ஏ.சி. உள்ள வீட்டைக் குளிர வைக்கும்.

அதே கூரையில் சோலார் பேனல் வைக்கலாமே என்றால் அங்கேயும் ஒரு முடிச்சு. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். ஒரு வீட்டில் பேனல் ஏறினால் அந்த உள்ளாட்சிக்கும் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. உள்ளாட்சியை இதில் சேர்த்ததே பாராட்டத்தக்கது. ஆனால் அதே மாதக் கடைசியில் தெலங்கானா அரசு 200 யூனிட் வரை மின்கட்டணமில்லை என்ற கிருஹ ஜோதியைத் தொடங்கியது. குடியிருப்பவருக்குப் பூஜ்ய பில், கூரை வீட்டுக்காரருடையது, இருவரில் யார் கடன் வாங்கிப் பேனல் போடுவார்கள்? ஒரு கிலோவாட்டுக்குப் பத்து சதுர மீட்டர் வேண்டும், அதில் தண்ணீர்த் தொட்டியும் துணிக்கொடியும் ஏற்கெனவே இடம் பிடித்திருக்கும். தனித்தனி வீடாகப் போனால் இது நடக்காது. வார்டு அலுவலகம், பள்ளி, சமுதாயக்கூடம் என்று மாநகராட்சியின் சொந்தக் கூரைகளைச் சேர்த்து ஒரே டெண்டராக விட்டால் நடக்கும். அதற்கு முதலில் எந்தக் கூரை யாருடையது, எவ்வளவு அகலம், மின்கட்டணம் எவ்வளவு என்று வார்டு வாரியாக ஒரு பட்டியல் வேண்டும்.

டென்மார்க் 1979-லேயே சட்டம் போட்டு, தன் நகராட்சிகளைத் தம் ஊரின் வெப்பத் தேவைக்கு வரைபடம் போட வைத்தது. எண்ணெய் விலை அடித்த அடி அப்படி. ஜெர்மனியில் 2024 முதல் நடப்பில் இருக்கும் சட்டம், ஒரு லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள நகரங்கள் 2026 ஜூனுக்குள்ளும் மற்ற ஊர்கள் 2028 ஜூனுக்குள்ளும் வெப்பத் திட்டம் தயாரிக்க வேண்டும் என்கிறது. அங்கே குளிருக்கு வரைபடம். நமக்கு வெயிலுக்கு வேண்டும்.

நாமும் முயலாமல் இல்லை. 2008 வாக்கில் மத்திய அரசு 60 நகரங்களைச் ‘சூரிய நகரம்’ ஆக்கப் புறப்பட்டது. நம் கோவையும் அதில் உண்டு. ஐந்து ஆண்டில் மரபுவழி மின்தேவையில் 10 சதவீதம் குறைக்க வேண்டும். நகரத்துக்கு அதிகபட்சம் 50 லட்சம் ரூபாய் உதவி: பெருந்திட்டம் எழுத 10 லட்சம், மேற்பார்வைக்கு 10 லட்சம், பிரசாரம் போன்றவற்றுக்கு 20 லட்சம், நகராட்சிக்குள் ஒரு சூரிய நகரப் பிரிவை அமைத்து மூன்று ஆண்டு நடத்த 10 லட்சம். கடைசித் தொகையை 36 மாதத்தால் வகுத்துப் பாருங்கள், மாதம் 28,000 ரூபாய்கூடத் தேறாது. ஒரு பொறியாளரின் சம்பளம், மேசை, நாற்காலி, கணினி, எல்லாம் அதற்குள். பிரசாரத்துக்கு ஒதுக்கியதில் பாதிதான் வேலை செய்பவருக்கு.

ஹைதராபாத் அனுபவம் இதற்கு நேர் எதிரான பாடத்தைச் சொல்கிறது. கட்டட விதி நிலைத்தது அனுமதி முறைக்குள் அது புகுந்ததால். குளிர் கூரை காகிதத்தை எட்டியது, அளந்து காட்ட ஒரு கல்லூரி பல ஆண்டுகள் கூடவே இருந்ததால். என் தீர்ப்பு இது: உள்ளாட்சிக்கு இனி திட்டப் புத்தகம் எழுதிக் கொடுக்க வேண்டாம்; வார்டுகளின் மின்கட்டணத்தையும் கூரைகளையும் மட்டுமே கவனிக்கும் நிரந்தர எரிசக்திப் பொறியாளர் ஒருவரை மண்டலத்துக்கு ஒருவர் என்று நியமிக்க நிதி கொடுங்கள். லாலாகுடாவுக்கு அப்படி ஒருவர் வந்தால், ரயில்வேயிடமும் ஐ.ஐ.சி.டி.யிடமும் போய்ப் பேச அவருக்கு ஆட்டோகூடத் தேவைப்படாது.

அடுத்த வாரம் கோவைக்குப் போகிறோம். அதற்குள் உங்கள் கவுன்சிலரைப் பார்த்தால் ஒன்று கேட்டு வையுங்கள்: நம் நகராட்சியின் மாதாந்திர மின்கட்டணம் எவ்வளவு, அதைப் படித்துப் பார்க்கும் அலுவலர் யார்?