அலகில் திரும்பும் மீன்

பினாங்கின் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் தேநீர் குடிக்க உட்காருகிறவர்களுக்குக் கடல் எவ்வளவு பக்கம் என்பது நினைவிலேயே இருப்பதில்லை. ஆர்மீனியன் தெருவில் இறங்கிக் கிழக்கே நடந்தால் கொஞ்ச நேரத்தில் வெல்ட் கீ. சியூ ஜெட்டியின் பலகைப் பாதையில் கடைசிவரை போய் நில்லுங்கள். எதிரே பட்டர்வொர்த், நடுவே நீரிணை. அதற்கு மேலே பறப்பவைதான் ஆலாக்கள். செப்டம்பருக்குப் பிறகு வடக்கிலிருந்து வலசை வருபவையும் சேர்ந்துகொள்ளும்.

ஆலா தண்ணீரில் பாய்வதைப் பலரும் ரசிக்கிறார்கள். பாய்ந்ததும் கண்ணை எடுத்துவிடுகிறார்கள். எனக்கு அதில்தான் வருத்தம். அந்தப் பறவையின் முழுத் திறமையும் தெரிவது அதற்குப் பிறகு வரும் சில நொடிகளில்தான்.

பாய்ச்சலையும் பார்த்துவிடுவோம். உங்கள் தே ஓ குவளையில் கரண்டி முறிந்ததுபோல் தெரிகிறதல்லவா? தண்ணீருக்குள் இருக்கும் மீனும் அப்படித்தான் இடம் மாறித் தெரியும். சாய்வாகப் பார்த்தால் பிழை அதிகம். நேர் மேலிருந்து பார்த்தால் பக்கவாட்டில் விலகல் இல்லை; ஆழம் மட்டும் குறைவாகத் தோன்றும். 40 சென்டிமீட்டர் ஆழத்து மீன் 30 சென்டிமீட்டரில் இருப்பதாகத் தெரியும். ஆலா மீனுக்கு நேர் மேலே சிறகடித்து நின்று, அலகைக் கீழே குத்திட்டுக்கொண்டு விழுவதால் பிழையில் பெரும்பகுதி போய்விடுகிறது. கரையில் நின்று சாய்வாகக் குத்தும் கரைக்கொக்குக்கு அந்த வசதி இல்லை. ஆனால் அது பிழையைக் கணக்கில் கொண்டே குத்துகிறது என்று 1987இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

இனி மீன் அலகில். பெரும்பாலும் குறுக்காகத்தான் இருக்கும். அப்படியே விழுங்க முடியாது. கடற்கழுகாக இருந்தால் கவலையே இல்லை. இந்த நீரிணையில் வட்டமிடும் வெண்வயிற்றுக் கடற்கழுகு, சிறகை விரித்தால் 2 மீட்டர் வரும் பறவை, நகத்தால் மீனை அள்ளிக்கொண்டு போய் மரத்தில் உட்கார்ந்து கிழித்துத் தின்னும். அதன் உள்ளங்காலில் சொரசொரப்பான முட்கள் உண்டு. வழுக்கும் மீனும் நழுவாது. ஆலாவின் கால் சின்னது, விரலிடைச் சவ்வு கொண்டது, எதையும் இறுக்கிப் பிடிக்காது. பிடிக்க முடியாததால் கிழிக்க முடியாது. கிழிக்க முடியாததால் முழுதாகத்தான் விழுங்க வேண்டும். தொண்டைக்குள் போகிற அளவு மீனைத்தான் அது தேர்ந்தெடுக்கவும் வேண்டும்.

அதுவும் தலைப்பக்கமாக. மீனின் செதிலும் செட்டை முள்ளும் வாலை நோக்கிப் படிந்திருப்பவை. தலை முதலில் போனால் எல்லாம் மடங்கிக்கொண்டு இறங்கும். வால் முதலில் போனால் விரிந்து தொண்டையில் குத்தும். நெத்திலி என்றால் பெரிய ஆபத்தில்லை. கெளுத்தியோ முள்ளை நிமிர்த்திப் பூட்டிக்கொள்ளும் மீன், அது தொண்டையில் சிக்கினால் உயிருக்கே வினை.

அதனால் தண்ணீரிலிருந்து எழுந்ததும் ஆலா உடம்பை ஓர் உதறு உதறும். பிறகு பறந்துகொண்டே அலகை லேசாகத் திறந்து மூடி, மீனைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தும். சில வேளை வேண்டுமென்றே நழுவவிட்டு, விழுவதற்குள் மறுபடி கவ்வும். கையில்லாத ஒரு பிராணி வழுக்கித் துடிக்கும் ஒன்றை அந்தரத்தில் வைத்துத் திருப்புகிறது! தொலைநோக்கி இருந்தால் மீனின் தலை எந்தப் பக்கம் இருக்கிறது என்று மட்டும் கவனித்துக்கொண்டே இருங்கள்.

விழுங்காமல் மீனைக் கவ்வியபடி நேராகப் பறந்தால், அது வேறு யாருக்கோ போகிறது. மன்னாருக்கு அப்பால் ஆதாம் பாலத்து மணல் திட்டுகளில் பெரிய கொண்டை ஆலாக்கள் கூடு கட்டும் காலத்தில் இதைக் காணலாம். குஞ்சு சின்னதாக இருக்கும்போது சின்ன மீன், வளர வளரப் பெரிது. ஒரு தடவைக்கு ஒன்றுதான். பறக்கக் கற்ற பிறகும் இந்த இளசுகளுக்குப் பெற்றவை மாதக்கணக்கில் ஊட்டுகின்றன. பாய்வது சீக்கிரம் வந்துவிடுகிறது, குறி தப்பாமல் பிடிக்கத்தான் அவ்வளவு நாள் பிடிக்கிறது.