அணி மாற யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?

ஜெர்மனியின் ஹாலே நகரத்துப் பெண்கள் கூடைப்பந்துக்குப் பழைய பெயர் உண்டு. கிழக்கு ஜெர்மனி தனி நாடாக இருந்தபோது, 1958இல் தொடங்கிய எஸ்.சி. கெமீ ஹாலே கிளப்பின் பெண்கள் அணி பலமுறை நாட்டின் சாம்பியன் பட்டம் வென்றது. ஆனால் எந்தக் கிளப்புக்கு ஆடுவது என்பதை அன்றைய வீராங்கனைகள் முடிவு செய்யவில்லை. சின்னக் கிளப்பில் திறமை தென்பட்டால், விளையாட்டு நிர்வாகமே அந்தப் பிள்ளையைப் பெரிய கிளப்புக்கு அனுப்பிவைக்கும். 1969இல், ஒலிம்பிக் பதக்கம் எங்கே எளிதாகக் கிடைக்குமோ அங்கேதான் பணம் என்று அரசு முடிவெடுத்தபோது, கூடைப்பந்து முன்னுரிமைப் பட்டியலிலிருந்தே விழுந்தது. அந்த முடிவுக்கும் ஆடுகிறவர்களை யாரும் கலந்தாலோசிக்கவில்லை. 1990க்குப் பிறகு அதே கிளப் எஸ்.வி. ஹாலே ஆயிற்று, அதன் லயன்ஸ் பெண்கள் அணி ஒன்றுபட்ட ஜெர்மனியின் தேசிய லீக்கான பன்டஸ்லீகாவில் ஆடியது. இன்று அங்கே ஆடும் ஒரு பெண் கிளப்பை விட்டுப் போக நினைத்தால், சட்டம் அவள் பக்கம் நிற்கிறது. விசித்திரம் என்னவென்றால், சுதந்திரத்துக்குப் பெயர்போன அமெரிக்காவின் பல்கலைக்கழக அணிகளில் அண்மைக் காலம் வரை அந்த உரிமை பயிற்சியாளரின் தயவில் இருந்தது. ஐரோப்பாவிலிருந்து ஆண்டுதோறும் இளம் ஆட்டக்காரர்கள் போய்ச் சேரும் இடம் அது. ஒருவர் போகலாமா கூடாதா என்பதை எழுதிவைத்த ஒப்பந்தமும் முன்கூட்டியே அறிவித்த விதியும் தீர்மானிக்கட்டும்; பயிற்சியாளரின் மனநிலை தீர்மானிக்கக் கூடாது. பிள்ளையை விளையாட்டில் சேர்க்கும் ஒவ்வொரு தமிழ்க் குடும்பமும் இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்வது நல்லது.

அமெரிக்கப் பழைய முறை இப்படி இருந்தது. 2018 அக்டோபர் வரை, பழைய பல்கலைக்கழகம் எழுத்தில் அனுமதி தராவிட்டால், புதிய இடத்தில் முதல் ஆண்டு விளையாட்டு உதவித்தொகை கிடைக்காது. அனுமதி தரும்போதும் "இன்னின்ன கல்லூரிக்குப் போகக் கூடாது" என்று பட்டியல் போடலாம். 2012இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேற விரும்பிய கூடைப்பந்து வீரர் ஜாரட் யூட்டாஃபுக்குப் பயிற்சியாளர் போ ரயன் தரப்பு இருபதுக்கும் மேற்பட்ட கல்லூரிகளைத் தடை செய்தது. ஊடகங்களில் எதிர்ப்பு கிளம்பியதும் அந்தப் பட்டியல் சுருங்கியது. கடைசியில் அவர் தடைப்பட்டியலில் இருந்த அயோவாவுக்கே, முதல் ஆண்டு தன் கைக்காசில் படித்துக்கொண்டு, போய்ச் சேர்ந்தார். 2014இல் கான்சஸ் ஸ்டேட் பல்கலைக்கழகம் தன் பெண்கள் அணிப் பயிற்சியாளர் டெப் பேட்டர்சனை நீக்கியது. அவரை நம்பி ஸ்பெயினிலிருந்து வந்திருந்த லெட்டிசியா ரொமேரோ வேறிடம் போக அனுமதி கேட்டபோது அதே நிர்வாகம் மறுத்தது; பல வார இழுபறிக்குப் பிறகே அவரை விட்டது. பயிற்சியாளரை அனுப்ப நிர்வாகத்துக்கு உரிமை உண்டு, கூடுதல் சம்பளத்துக்காக வேறு பல்கலைக்கழகம் போகப் பயிற்சியாளருக்கு உரிமை உண்டு. சம்பளமே வாங்காத மாணவருக்கு மட்டும் பூட்டு. விசுவாசம் என்ற பெயரில் நடந்தது ஒருதலைப்பட்சமான கட்டுப்பாடு என்பதற்கு இந்த ஒரு நிகழ்வே போதும்.

ஜெர்மனியில் பெரும்பாலான இளையோர் விளையாட்டு, பதிவுபெற்ற சங்கங்களான கிளப்புகள் வழியாக நடக்கிறது. சங்கத்திலிருந்து விலகும் உரிமை உறுப்பினருக்கு உண்டு என்று ஜெர்மன் குடிமைச் சட்டத் தொகுப்பின் 39ஆம் பிரிவு சொல்கிறது. ஆண்டுக் கணக்கு முடியும்போதுதான் விலகலாம், அல்லது முன்னறிவிப்பு தர வேண்டும் என்று கிளப்பின் சட்டதிட்டம் நிபந்தனை வைக்கலாம். அந்த முன்னறிவிப்புக் காலம் எக்காரணம் கொண்டும் இரண்டு ஆண்டைத் தாண்டக் கூடாது. உறுப்பினராக இருப்பது வேறு, ஆட்டக்காரராக ஊதிய ஒப்பந்தம் போடுவது வேறு என்பதையும் கவனிக்க வேண்டும். 18 வயது நிரம்பாதவர் போடும் ஒப்பந்தம் பெற்றோரின் சம்மதம் இல்லாமல் செல்லாது. நாடு விட்டு நாடு மாறுவதற்கு உலகக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபீபா கேட்கும் விடுவிப்புக் கடிதத்தையும், மாறும் தேதிக்குப் பிறகும் நடப்பில் இருக்கும் ஒப்பந்தம் ஒன்று இருந்தால்தான் மறுக்க முடியும். கோபமோ வருத்தமோ அங்கே காரணமாகாது. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் வெளிநாட்டு மாற்றத்தை மட்டும் ஃபீபா பொதுவாகத் தடுத்து, விதிவிலக்காகவே அனுமதிக்கிறது. பிள்ளை பிடிக்கும் தரகர்களிடமிருந்து காப்பதற்கான தடை அது.

இதற்கு வரும் முதல் எதிர்வாதம் நியாயமானது: ஆறேழு ஆண்டு பாடுபட்டு வளர்த்த பிள்ளையைப் பணக்காரக் கிளப் கொத்திக்கொண்டு போனால், வளர்த்தவருக்கு என்ன மிச்சம்? ஐரோப்பிய நீதிமன்றம் 2010இல் ஒலிவியே பெர்னார் என்ற கால்பந்து ஆட்டக்காரரின் வழக்கில் இதற்கு வழி காட்டியது. வளர்த்த கிளப் இழப்பீடு கேட்கலாம். ஆனால் அந்தத் தொகை பயிற்சிக்கு ஆன உண்மைச் செலவோடு பொருந்த வேண்டும், ஆளைத் தண்டிக்கும் அபராதமாக இருக்கக் கூடாது. பருவத்தின் நடுவே ஆள் மாறினால் போட்டியின் நேர்மை கெடும் என்பது இரண்டாவது எதிர்வாதம். அதையும் அந்த நீதிமன்றம் ஒதுக்கவில்லை. பின்லாந்துக் கூடைப்பந்து வீரர் யூரி லெஹ்டோனன் பெல்ஜியத்தில் சந்தித்த சிக்கலில், 2000 ஏப்ரலில் வந்த தீர்ப்பு, மாற்றத்துக்குக் கடைசித் தேதி வைப்பதை ஏற்றது. ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருபவருக்கு மட்டும் தள்ளிய தேதி தருவது, தக்க காரணம் இல்லாவிட்டால், கூடாது என்றது. செலவுக்கு இழப்பீடு, ஒழுங்குக்குத் தேதி என்று இரண்டுக்கும் விதியிலேயே விடை இருக்கிறது. தனி மனிதரின் மறுப்பு அதிகாரம் எதற்கும் தேவைப்படவில்லை.

மூன்றாவது எதிர்வாதம் கனமானது. கதவைத் திறந்துவிட்டால் பிள்ளைகள் ஆண்டுக்கொரு கல்லூரி என்று அலைவார்கள், படிப்பு பாழாகும் என்கிறார்கள். அமெரிக்காவில் 2021இல் ஒருமுறை மாறினால் புதிய அணியில் ஆடக் காத்திருக்க வேண்டாம் என்றாயிற்று. 2023 டிசம்பரில் மேற்கு வர்ஜீனியாவின் கூட்டாட்சி நீதிமன்றம் தலையிட்ட பின், 2024இல், படிப்பில் தேறியிருந்தால் எத்தனை முறையும் மாறலாம் என்றாயிற்று. அமெரிக்கப் பல்கலைக்கழக விளையாட்டின் முதல் பிரிவில் சுமார் 360 பல்கலைக்கழகங்கள். ஆண்கள் கூடைப்பந்து அணிக்கு அப்போது 13 உதவித்தொகை என்றால் மொத்தம் ஐயாயிரத்துக்குள் இடங்கள். 2024இல் அணி மாற விரும்புவோருக்கான பதிவேட்டில் பெயர் கொடுத்த ஆண்கள் மட்டும் 2,000க்கும் மேல். பெயர் கொடுத்த எல்லாருக்கும் இடம் கிடைத்துவிடாது. பெயர் கொடுத்த பிறகு, அந்தப் பருவ முடிவோடு பழைய பல்கலைக்கழகம் உதவித்தொகையை நிறுத்திக்கொள்ளலாம். ஒரு கல்லூரியில் தேறிய பாடங்கள் அனைத்தையும் இன்னொன்று ஏற்கும் என்பதற்கும் உறுதியில்லை. மாணவர் விசாவில் இருப்பவருக்குச் சேர்க்கை இடையில் அறுந்தால் தங்கும் உரிமையே ஆட்டம் காணும். இவை உண்மையான ஆபத்துகள். ஆனால் இவற்றுக்கு மருந்து தகவலும் முன்னேற்பாடும்தான். பயிற்சியாளருக்கு மறுப்பு அதிகாரம் இருந்த காலத்திலும் மாணவர்கள் போனார்கள். யூட்டாஃபைப் போல விலை கொடுத்துப் போனார்கள்.

தமிழ்நாட்டுப் பெற்றோருக்கும் இது தொலைதூரக் கதையல்ல. விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்த மாணவர் கல்லூரி மாற நினைத்தால் அசல் சான்றிதழும் டி.சி.யும் முன்னே வந்து நிற்கும். மாணவரின் அசல் சான்றிதழைக் கல்லூரி பிடித்துவைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் அறிவித்திருக்கிறது. சரிபார்த்த கையோடு அசலைத் திரும்பக் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் முதல்வருக்கு எழுத்து மூலம் விண்ணப்பித்து நகல் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு பல்கலைக்கழகத்துக்கும் மானியக் குழுவுக்கும் புகார் அனுப்பலாம்.

ஜெர்மனியில் இருப்பவர்கள் விலகல் கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அதற்கு முன் கிளப்பின் சட்டதிட்டத்தில் முன்னறிவிப்புக் காலத்தையும், உங்கள் விளையாட்டின் ஜெர்மன் கூட்டமைப்பின் போட்டி விதிகளில் மாற்றத் தேதியையும் காத்திருப்புக் காலத்தையும் பார்த்துவிடுங்கள். சிக்கல் வந்தால் கூட்டமைப்பின் சட்டக் குழு, அதற்கு மேல் உள்ளூர் நீதிமன்றம். வருமானம் குறைந்தவர்கள் அந்த நீதிமன்றத்திலேயே ஆலோசனைச் சீட்டு கேட்கலாம். அதைக் காட்டினால் வழக்கறிஞருக்கு 15 யூரோவுக்கு மேல் தர வேண்டியதில்லை. ஊதிய ஒப்பந்தம் போடுபவர்கள், ஃபீபா 2007இல் அமைத்த கூடைப்பந்து நடுவர் மன்றத்தை நாடும் பிரிவு அதில் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த வரி இல்லாவிட்டால் மன்றம் வழக்கை எடுக்காது. அமெரிக்கா போனவர்கள், பதிவேட்டில் பெயர் கொடுக்கும் முன் மூன்று பதில்களை எழுத்தில் வாங்குங்கள்: உதவித்தொகை எந்த நாள் வரை, புதிய இடம் எத்தனை பாடங்களை ஏற்கும், வெளிநாட்டு மாணவர் அலுவலகம் விசாப் பதிவை எப்போது மாற்றித் தரும். விண்ணப்பம் கொடுத்து இரண்டு வேலை நாட்களுக்குள் பெயரைப் பதிவேட்டில் ஏற்றுவது பல்கலைக்கழகத்தின் கடமை. தாமதித்தால் அந்த விதியையே சுட்டிக் கேளுங்கள்.

நல்ல பயிற்சியாளருக்கு இதில் நட்டம் ஏதுமில்லை. போக உரிமை இருந்தும் தங்குகிற பிள்ளைகளை வைத்துத்தான் ஒருவரின் பயிற்சியை அளக்க முடியும். ஆகவே சேரும் நாளிலேயே "விலக வேண்டுமானால் நடைமுறை என்ன?" என்று தயங்காமல் கேளுங்கள். எழுத்தில் பதில் வராத இடத்தில் கையெழுத்துப் போட அவசரப்பட வேண்டாம்.