உச்சிக்குடும்பனின் வாயை மூடலாமா?

தோல்பாவைக்கூத்தில் உளுவத்தலையனின் தலையில் உச்சிக்குடும்பன் ஓங்கி ஓர் அடி வைத்தால் ஐந்து வயதுக் குழந்தையும் சிரிக்கும், எழுபது வயதுப் பெரியவரும் சிரிப்பார். அதில் யாருக்கும் வழக்கில்லை. அடிபட்டவன் எழுந்து பதில் சொல்கிறானே, அங்கேதான் வழக்கு தொடங்குகிறது. அந்தப் பதிலில் ஓர் இரட்டை அர்த்தம் இருந்தால் பின்வரிசையில் விசில் பறக்கும். முன்வரிசையில் பிள்ளைகளோடு வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

தோல்பாவைக்கூத்து இன்று பள்ளி ஆண்டுவிழாக்களிலும் கலைவிழாக்களிலும் புதிதாக மேடையேறுகிறது. அதை நேசிக்கிறவர்களுக்குள்ளேயே இரண்டு கட்சிகள். "குழந்தைகள் பார்க்கிற கலை, சுத்தமாக இருக்க வேண்டும்" என்பது ஒன்று. "அந்தப் பேச்சை எடுத்துவிட்டால் பாவையில் தோல் மட்டும்தான் மிஞ்சும்" என்பது மற்றது. இரண்டு கட்சிக்காரர்களும் கலை பிழைக்க வேண்டும் என்றுதான் பேசுகிறார்கள். அதனால்தான் இந்தச் சண்டையைத் தள்ளிவிட முடியவில்லை.

முதலில் அந்தக் கூத்து எப்படி நடந்தது என்று பார்க்க வேண்டும். மராத்தி பேசும் கணிகர் சமூகத்தார் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த கலை இது. தஞ்சை மராட்டியர் காலத்தோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். ஆட்டுத்தோலில் செய்து சாயம் தீட்டிய பாவைகள், வெள்ளைத் திரை, பின்னால் ஒரு விளக்கு. ராமனுக்கும் சீதைக்கும் அனுமனுக்கும் ராவணனுக்கும் ஒரே கலைஞர் குரல் கொடுப்பார். ஆர்மோனியமும் மிருதங்கமும் ஜால்ராவும் பெரும்பாலும் அவர் வீட்டு ஆட்களின் கையில். ராமாயணத்தைப் பத்து இரவுகளுக்குப் பிரித்து ஆடுவார்கள். நல்லதங்காள் கதையும் உண்டு, அரிச்சந்திரன் கதையும் உண்டு. மு. இராமசுவாமி, அ.கா. பெருமாள் போன்ற ஆய்வாளர்கள் ஊர் ஊராகப் போய் இந்தக் குடும்பங்களோடு பழகி எழுதியதால்தான் இன்று இதைப் பற்றி நாம் பேச முடிகிறது.

பத்து இரவும் ராமன் மட்டுமே பேசினால் ஊர் தூங்கிவிடும். கதைக்கு நடுவே உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வருவது அதற்காகத்தான். உச்சியில் ஒற்றைக் குடுமி வைத்தவன் ஒருவன், மொட்டைத் தலையன் மற்றவன். ராமன் பேசும் தமிழ் ஏட்டுத் தமிழ். இவர்கள் பேசுவது அந்தந்த ஊர்த் தமிழ். விலைவாசி, பெண்டாட்டி சண்டை, கடன், உள்ளூர்ப் பெரிய மனிதரின் கஞ்சத்தனம் எல்லாம் இவர்கள் வாயில் வரும். எழுதி வைத்த வசனம் கிடையாது. திரைக்குப் பின்னால் இருப்பவர் வெளியே எழும் சிரிப்பைக் கேட்டு அளந்து பேசுவார். முன்னிரவில் பிள்ளைகள் விழித்திருக்கும்போது அடிதடி, கோமாளித்தனம். அவர்கள் தாய் மடியில் தூங்கிய பிறகு பேச்சின் நிறம் மாறும். இரவே ஒரு தணிக்கை அதிகாரியைப் போல வேலை செய்தது. எந்தப் பேச்சு யார் காதில் விழ வேண்டும் என்பதை நேரம் தீர்மானித்தது.

காஞ்சிபுரத்தை ஒட்டிய முசரவாக்கம் பக்கத்து மக்களுக்கு இது புதுச் செய்தியாக இராது. நாகர்கோவில், மதுரைப் பக்கங்களில் பாவை செய்த வேலையை இந்த வட்டாரத்தில் ஆட்கள் வேஷம் கட்டி ஆடும் கட்டைக்கூத்து செய்தது. அங்கே உச்சிக்குடும்பன் என்றால் இங்கே கட்டியங்காரன். திரௌபதி அம்மன் திருவிழாவில் பாரதம் படித்து, கூத்துக் குழுவான ஜமாவை வரவழைத்து இரவு பத்து மணிக்குக் கூத்து கட்டினால், விடிந்த பிறகுதான் வேஷம் கலைப்பார்கள். துரியோதனன் திரைப்பிரவேசம் முடித்துக் கிரீடமும் புஜக்கட்டையுமாக நிற்கும்போது, பக்கத்திலே நின்று அவனையே கிண்டல் செய்கிற உரிமை கட்டியங்காரனுக்கு உண்டு. அரசனுக்குக் கட்டியம் கூறுவதும் அவன், அரசனின் அதிகாரத்தைக் கிழிப்பதும் அவன். விழாவுக்குப் பணம் கொடுத்தவரையும் அவன் விட்டுவைப்பதில்லை.

அதே கட்டியங்காரன் பெண் வேஷத்திடம் பேசும் பேச்சு பல நேரம் கூசவைக்கும். ஜமா முழுக்க ஆண்களாக இருந்த காலத்தில் திரௌபதியாக நின்றதும் ஓர் ஆண்தான். கேட்கிறவர்களுக்கும் அது தெரியும் என்பதால் அந்தப் பேச்சு விளையாட்டாகக் கடந்து போனது. காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் பி. ராஜகோபாலும் ஹன்னா டி புருயினும் 2002இல் தொடங்கி 2020 வரை நடத்திய கட்டைக்கூத்து குருகுலம் இந்த நிலைமையை மாற்றியது. அங்கே பெண் பிள்ளைகளும் கூத்து கற்று மேடையேறினார்கள். பெண்ணே பெண் வேஷம் கட்டி நிற்கும்போது பழைய பேச்சு அப்படியே செல்லாது. நேற்று வேஷத்தின் மேல் விழுந்த சொல் இன்று ஆளின் மேல் விழுகிறது. "மரபு அப்படித்தான்" என்று சொல்லித் தப்பிக்க இங்கே வழியில்லை. மரபில் ஆள் மாறிவிட்டால் பேச்சும் மாறியாக வேண்டும்.

இதே சண்டை உலகத்தின் மறுகோடியிலும் நடந்தது. அமெரிக்காவின் மப்பெட்ஸ் பொம்மைகளை நம் பிள்ளைகளும் அறிவார்கள். பச்சைத் தவளை கெர்மிட், பன்றியம்மாள் மிஸ் பிக்கி. அவற்றைப் படைத்த ஜிம் ஹென்சன் 1990இல் காலமானார். 2015 செப்டம்பரில் ஏபிசி தொலைக்காட்சி அவற்றைப் புதுத் தொடராக மீட்டுக் கொண்டுவந்தது. கெர்மிட்டும் மிஸ் பிக்கியும் பிரிந்துவிட்ட காதலர்கள், அலுவலக வம்பு, குடி, படுக்கையறைச் சாடைப் பேச்சு. ஒளிபரப்பான நேரம் இரவு 8 மணி, குடும்பமே ஒன்றாக உட்காரும் வேளை. 'ஒரு மில்லியன் அம்மாக்கள்' என்ற அமைப்பு எதிர்ப்புக் குரல் எழுப்பியது. ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். பருவத்தின் நடுவில் தயாரிப்புத் தலைமையையே மாற்றிப் பார்த்தார்கள். 16 அத்தியாயங்களோடு 2016 மார்ச்சில் தொடர் நின்றது.

தொடருக்குப் பரிந்து பேசியவர்களிடம் ஒரு நல்ல வாதம் இருந்தது. ஹென்சன் தன் பொம்மைகளைக் குழந்தைகளுக்கு மட்டும் என்று ஒருபோதும் ஒதுக்கவில்லை என்றார்கள். உண்மைதான். 1975இல் அவர் செய்த முன்னோட்ட நிகழ்ச்சிக்கு 'செக்ஸும் வன்முறையும்' என்றே பெயர் வைத்திருந்தார், அதுவும் தொலைக்காட்சியைக் கேலி செய்வதற்காக. ஆனால் 1969இல் தொடங்கிய 'செசமி ஸ்ட்ரீட்' சிறு பிள்ளைகளுக்கு என்று தனியாக இருந்தது. 1976இல் வந்த 'மப்பெட் ஷோ' வேறு தளம். அதில் பெரியவர்களுக்கான கிண்டல் பிள்ளைகளின் தலைக்கு மேலே பறந்து போனது, பிள்ளைகள் பொம்மை வெடிப்பதைப் பார்த்துச் சிரித்தார்கள். இரண்டு கூட்டத்துக்கும் ஒரே நேரத்தில் இரண்டு விருந்து. 2015 தொடரில் அந்த அடுக்கு இல்லை. பெரியவர் பேச்சு நேரே பிள்ளையின் காதில் விழுந்தது. கலைஞர்களின் துணிச்சலை நான் குறை சொல்ல மாட்டேன், அவர்களுடைய அளவு தப்பிவிட்டது.

கூர்மையை முழுதாக வழித்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. துருக்கியின் நிழற்பாவை நாயகன் கராகோஸ் ஒரு காலத்தில் அமைச்சர்களையும் அதிகாரிகளையும் திரையில் நாறடித்தவன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆட்டோமன் அரசு அரசியல் கிண்டலுக்குத் தடை போட்டது. இன்று யுனெஸ்கோ பட்டியலில் கராகோஸ் இருக்கிறான், 2009இலேயே சேர்த்துவிட்டார்கள். அமைச்சர்களை நடுங்கவைத்த அந்த வாய் அவனுக்குத் திரும்பி வரவில்லை. கர்நாடகத்தில் கோமாளிப் பாவைக்குக் கில்லேக்யாத என்று பெயர், பாவை ஆட்டும் சமூகத்தையே அந்தப் பெயரால் அழைத்தார்கள். ஒரு சமூகத்துக்கே பெயர் கொடுக்கும் அளவுக்குக் கோமாளி பெரியவனாக இருந்தான்.

நம் ஊரில் கோமாளிக்கு வந்த ஆபத்து வேறு மாதிரி. அவனை விழிப்புணர்வுப் பிரசாரகனாக மாற்றிவிட்டோம். எய்ட்ஸ், குடும்பக் கட்டுப்பாடு, கழிப்பறை, கை கழுவுதல் எதுவானாலும் நாட்டுப்புறக் கலைஞர்களைக் கூப்பிட்டுப் பேசவைக்கிறோம். அந்த நிகழ்ச்சிகள் அவர்களுக்குச் சோறு போடுகின்றன, அதை நான் மதிக்கிறேன். ஆனால் அங்கே உச்சிக்குடும்பன் அரசுத் துறை எழுதிக் கொடுத்த வாசகத்தை ஒப்பிக்கிறான். எழுதிக் கொடுத்தவரைக் கிண்டல் செய்ய அவனால் முடியாது. ஆபாசம் போனதற்கு எனக்கு வருத்தமில்லை. அதோடு சேர்த்து அவனுடைய தைரியத்தையும் எடுத்துவிட்டார்களே என்பதுதான் வருத்தம்.

சட்டத்தின் கையில் இதை விட்டுவிடலாம் என்பவர்களுக்கும் ஒரு சொல். 1954ஆம் ஆண்டின் தமிழ்நாடு நாடக நிகழ்ச்சிகள் சட்டத்தை எதிர்த்து எழுத்தாளர் ஞாநி தொடுத்த வழக்கில், 2013இல் சென்னை உயர்நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகள் செல்லாது என்றது. நாடகப் பிரதியைக் காவல்துறையிடம் காட்டி அனுமதி வாங்கும் அவமானம் அப்படி முடிவுக்கு வந்தது. மறுபக்கம், திருவிழா 'ஆடல் பாடல்' நிகழ்ச்சிகளுக்கு அனுமதி தரும்போது ஆபாசமும் இரட்டை அர்த்த வசனமும் கூடாது என்று நிபந்தனை போடுகிறார்கள். குத்தாட்டத்துக்கு அது பொருந்தலாம். எழுதாத வசனம் பேசும் கட்டியங்காரனுக்கு அதையே அளவுகோலாக வைத்தால், எந்தச் சொல் எந்தக் காவலருக்கு இரட்டை அர்த்தமாகப் படும் என்று பயந்தே அவன் வாய் அடைத்துப் போகும்.

என் தீர்ப்பு இதுதான். கறுப்பு நிறத்தையும் ஊனத்தையும் பெண்ணின் உடம்பையும் சாதியையும் குத்துகிற பேச்சு போக வேண்டும். பகலிலும் போக வேண்டும், நடுச்சாமத்திலும் போக வேண்டும். அப்பேச்சு யாரையும் துணிந்து எதிர்ப்பதில்லை, திருப்பி அடிக்க முடியாதவரை அடிக்கிறது. காமத்தைப் பற்றிய சிரிப்பு, கணவன் மனைவி சண்டை, கடவுளின் பெயரால் நடக்கும் பித்தலாட்டம், ஊர்ப் பெரிய மனிதரின் வேஷம், ஆட்சியில் இருப்பவர் மீதான நையாண்டி, இவை இருக்க வேண்டும். பத்து மணிக்கு மேல் இருக்க வேண்டும்.

அதற்குக் கூத்துக்கு இரவைத் திருப்பித் தர வேண்டும். பள்ளிக்கூடத்துக்கு நாற்பது நிமிடப் பாவைக்கூத்து போதும், அதில் பிள்ளைகளுக்கான உச்சிக்குடும்பன் வரட்டும். அதோடு நிறுத்தாமல், முழு இரவுக் கூத்தையும் கேட்டு வாங்குங்கள். அதற்குரிய கூலியை முழுதாகக் கொடுங்கள். முசரவாக்கம் பக்கத்து ஊர்களின் விழாக் குழுவினரே, கலை பண்பாட்டுத் துறையினரே, எந்த மணி வரை 'குழந்தைகளுடன் வரலாம்' என்பதை அழைப்பிதழில் அச்சிடுங்கள். அதன் பிறகு என்ன பேசுவது என்பதைத் திரைக்குப் பின்னால் இருப்பவரிடம் விடுங்கள். ஜமாவை வரவழைத்துவிட்டு, முதல் பேருந்து பிடிக்க வேண்டும் என்று இரண்டு மணிக்கே எழுந்து போகாதீர்கள்.