ஒரு பவுணுக்கு எத்தனை கிலோ கல்?

மலைநாட்டு ஓடையில் பொறுக்கி வந்த கல்லில் மஞ்சளாய் மின்னுவது அநேகமாகக் காக்காய்ப்பொன். ஊசியால் கிளறினால் செதில் செதிலாகப் பிரியும். இரும்புக் கந்தகக் கல்லும் ஏமாற்றும். ஆனால் சுத்தியல் பட்டால் அது தூளாகும். பொன் தூளாகாது, தட்டையாகும். அசல் பொன் இலங்கையில் இல்லாமல் இல்லை. மாணிக்கம் அரிக்கும் சரளையில் எப்போதாவது நுண்மணிகளாய் அகப்படுவதுண்டு. தோண்டிப் பிழைக்க அது போதாது.

கடலைத் தாண்டி நீலகிரிக்குப் போனால் கதை வேறு. தேவாலா, பந்தலூர்ப் பக்கம் வெள்ளைக் குவாட்ஸ் கல்லின் நரம்புகளில் பொன் கலந்திருக்கிறது. பணியரும் குறும்பரும் மணலரித்துப் பொன் எடுத்த நாடு அது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த புரோ ஸ்மித் 1880இல் அறிக்கை எழுதியதும் லண்டனில் முப்பதுக்கு மேற்பட்ட கம்பனிகள் முளைத்தன. கல்லில் இருந்ததை விடப் பங்குப் பத்திரத்தில்தான் பொன் அதிகம். சில ஆண்டுகளில் எல்லாம் படுத்துவிட்டன. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் நம் மலையகத்திலிருந்து அனுப்பப்பட்டவர்களில் பலர் கொழுந்து பறிக்கக் குடியேறியதும் இந்தப் பக்கந்தான். கைவிடப்பட்ட சுரங்கங்களில் அனுமதியின்றிக் கல்லெடுப்பது பின்னரும் நிற்கவில்லை. மண் சரிந்து மாண்டவர்களும் உண்டு.

கல்லில் பொன் இருப்பது ஒன்று, அது கைக்கு வருவது வேறு. முதலில் கல்லை மாவாக இடிக்க வேண்டும். பொன்துகள் கல்லின் பிடியிலிருந்து விடுபட்டால்தான் மற்றதெல்லாம். பிறகு தட்டில் நீர்விட்டுச் சுழற்றி அரிப்பது. பொன்னின் அடர்த்தி நீரைப்போல் 19.3 மடங்கு, குவாட்ஸ் 2.65 மடங்குதான். இலேசானது நீரோடு போக, அடியில் கறுப்பு மணலும் பொன்னும் தங்கும். கறுப்பு மணலில் பெரும்பங்கைக் காந்தம் இழுத்துவிடும்.

இந்த இடத்தில்தான் பலர் பாதரசத்தைத் தேடுகிறார்கள். பொன்துகளைப் பாதரசம் பற்றிக்கொள்ளும். துணியில் பிழிந்து சூடாக்கினால் அது 357 பாகை செல்சியசில் கொதித்து ஆவியாகிப் பொன்னை விட்டுவிடும். விட்டுப் போவது எங்கே? சூடாக்குபவரின் நெஞ்சுக்குள், நரம்புகளுக்குள், ஆற்று மீனுக்குள். உலகில் மனிதச் செயலால் காற்றில் கலக்கும் பாதரசத்துக்குச் சிறு பொன் சுரங்கங்களே முதற் காரணம். பொழுதுபோக்கென்று வீட்டு அடுப்பில் இதைச் செய்பவர் பிள்ளைகளுக்கும் சேர்த்தே நஞ்சு வைக்கிறார். போதாததற்கு, கந்தகக் கல்லுக்குள் பூட்டப்பட்ட பொன்னைப் பாதரசம் தொடவும் முடியாது.

பிலிப்பைன்சின் பெங்கெட் மலைகளில் சிறு சுரங்கக்காரர்கள் பாதரசத்துக்குப் பதிலாக எடுத்தது வெங்காரம். நம் பத்தர்கள் பொடி வைத்து ஊத எந்நாளும் பாவிக்கும் அதே வெங்காரந்தான். அரித்தெடுத்த செறிவான தூளோடு அதைச் சேர்த்து உருக்கினால், மற்ற கனிமங்கள் இளகிக் கசடாகும். 1064 பாகையில் உருகும் பொன் கசடுக்கு அடியில் திரளும். நன்றாக அரித்திருந்தால்தான் இது பலிக்கும்.

இனிக் கணக்கு. தமிழர் உழைப்பில் ஓடிய கோலார் சுரங்கம் 2001இல் மூடப்பட்ட காலத்தில் தொன் கல்லுக்குக் கிடைத்தது சுமார் 3 கிராம். அந்தத் தரத்துக் கல்லில், ஒரு துகளும் வீணாகாமல், எட்டுக் கிராம் பவுண் ஒன்று சேர 2,700 கிலோ அளவில் இடிக்க வேண்டும்.

அதைவிட நல்ல 'தாது' கொழும்புச் செட்டியார் தெரு நகைப் பட்டறைகளின் தரையில் கிடக்கிறது. அரம் ராவிய தூள், மெருகேற்றிய துணி, கைகழுவிய நீரின் வண்டல் எல்லாம் பொன் சுமப்பவை. பட்டறைக் குப்பையை எரித்துச் சாம்பலாக்கி, இரும்புத்தூளைக் காந்தத்தால் நீக்கி, அரித்து, வெங்காரமிட்டு உருக்குவது பழைய தொழில். உருண்டையில் செம்பும் வெள்ளியும் கலந்திருக்கும். நைத்திரிக்கமிலம் அவற்றைக் கரைக்கும், ஆனால் பொன் அதிகமானால் அமிலம் உள்ளே புகாது. ஆகவே பொன் நாலிலொரு பங்காகும்வரை வேண்டுமென்றே வெள்ளி சேர்த்து உருக்குவார்கள். கபில நிறப் புகை கிளம்பும். அதுவும் நுரையீரலைக் கெடுக்கும் நஞ்சு என்பதால் காற்றோட்டமில்லாத அறையில் தொடவே கூடாத வேலை. கடைசியில் எஞ்சுவது செம்மண் போன்ற ஒரு பொடி. அதைக் கழுவி, உலர்த்தி, மறுபடி உருக்கினால்தான் மஞ்சள் நிறம் வரும்.